வெயிலுமுத்துவைக் காற்று கொண்டுபோன கதை

வேலங்குளத்தில் பொய் சொல்லாதவர்கள் நாலே நாலு பேர். நாலு பேருக்கும் இன்னும் பல் முளைக்கவில்லை. மற்றவர்கள் தேவைக்குச் சொல்லுகிறவர்கள். பஞ்சர் கடை வெயிலுமுத்து ஒருத்தன்தான் தேவையில்லாமலும் சொல்லுவான். சைக்கிள் டயரிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கினால், அது எந்த ஊர்த் தேரிலிருந்து கழன்றது, யார் யார் காலில் குத்தியது என்று, ஒட்டுப் போட்ட டியூப் காய்வதற்குள் அந்த ஆணியின் வம்சத்தையே சொல்லி முடித்துவிடுவான். கேட்கிறவர்களுக்கும் பொழுது போகும். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் இந்தப் பங்குனிப் பொங்கலில் அவன் சொன்னது தேவைக்குச் சொன்ன பொய். மானம் போகிற தேவை.

வேலங்குளத்து அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் மஞ்சள் கயிறு கையில் ஏறியவன் ஒன்பது நாளைக்குக் கறி மீன் தொடக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒன்பதாம் நாள் விடியற்காலை அம்மன் சப்பரம் கிளம்பி, எல்லைக்கல் வரை போய், கல்லை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும். அந்தச் சப்பரத்தின் வலது முன்கொம்பு பதினொரு வருஷமாக வெயிலுமுத்துவின் தோளில். மற்ற கொம்புகளுக்கு வழியில் ஆள் மாற்றிக்கொள்வார்கள். முன்கொம்புக்காரன் மட்டும் மாறக் கூடாது. வருஷம் பூராவும் 'ஏய், பஞ்சரு' என்று கூப்பிடுகிற ஊர், அன்றைக்கு மட்டும் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று கையெடுத்துக் கும்பிடும். கும்பிடு அம்மனுக்குத்தான். ஆனாலும் முன்கொம்பில் நிற்கிறவன் கண்ணுக்கு அது தனக்கென்றுதான் தெரியும். மிச்ச முந்நூற்று அறுபத்து நாலு நாளையும் வெயிலுமுத்து அந்த ஒரு நாளை நினைத்துத்தான் தள்ளினான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஏழாம் நாள் நாக்கு செத்துப்போயிற்று. காலையில் அவரைக்காய், ராத்திரி ரசம், மறுநாள் மறுபடியும் அவரைக்காய். பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சந்தையில் ஒரு மெஸ் உண்டு. மிளகு தட்டிப் போட்டு ஆட்டுக்கறிச் சுக்கா வைப்பார்கள். ஒரு மணி பஸ்ஸில் போய் நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டான். முழுக்கைச் சட்டைக்குள் காப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

அவன் இரண்டாவது தட்டுச் சுக்காவில் கைவைத்த நேரத்தில் வேலங்குளத்தின் மேற்கே கருக்கல் கட்டியது. கோடைக்காற்று எல்லா வருஷமும் வரும், நாலு ஓட்டைத் தள்ளிவிட்டுப் போகும். இந்த வருஷம் வந்தது வேறு. இடியும் ஆலங்கட்டியுமாக அரைமணி நேரம் ஊரை உலுக்கி எடுத்துவிட்டது. கோயில் முன்னால் புதிதாகப் போட்டிருந்த தகரப் பந்தலில் கால்கள் மட்டும் மிச்சம். வாழைத் தோட்டங்கள் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் ஒன்பது ஒடிந்தன. ஊர் எல்லையில் நின்ற பெரிய புளியமரம் வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்துவிட்டது.

காற்று ஓய்ந்ததும் ஆட்களை எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள். வெயிலுமுத்து மட்டும் இல்லை. பந்தல் தகரத்துக்கு அடியில் கிடப்பான் என்று யாரோ சொல்ல, அவன் பெண்சாதி சீனியம்மா வெறுங்கையால் தகரத்தை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம் ஒழுகியது. அவள் நிறுத்தவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையும் கட்டிப்போயிற்று.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ரோட்டை அடைத்துக் கிடந்த புளியமரத்தைப் பதினைந்து பேர் கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் புதுச்சந்தை பஸ் வந்து நின்றது. படியிலிருந்து வெயிலுமுத்து இறங்கினான். வேட்டி சட்டையில் பொட்டு ஈரமில்லை. வாயில் பல்குத்தும் குச்சி.

சப்பரத்தில் பல வருஷமாகப் பின்கொம்பு தூக்குகிற கருத்தப்பாண்டி ஓங்கிய கோடாலியோடு அப்படியே நின்றுவிட்டான். "அடப்பாவி மாப்ள, உன்னைத்தான்டா ஊரே தேடிக்கிட்டு இருக்கு!" என்றான்.

வீட்டுக்கு வந்தால் சீனியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தட்டில் சோற்றைப் போட்டு அவரைக்காயை வைத்தாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தச் சோறு அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வயிற்றிலும் இடமில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை, தகரமில்லாத பந்தலுக்கு அடியில் ஊர் கூடியது. பொம்மையா பூசாரி நடுவில் உட்கார்ந்து கேட்டார்.

"என்னப்பா வெயிலு. நாளைக்கு வெள்ளனச் சப்பரம் கிளம்பணும். ஒரே பேச்சு. எல்லையைத் தாண்டுனியா, இல்லையா?"

தாண்டினேன் என்று சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்றுதான் வெயிலுமுத்து நினைத்து வந்தான். காப்பை அவிழ்ப்பார்கள், முன்கொம்பு போய்விடும். போனால் போகட்டும், சீனியம்மா முகத்தையாவது பார்க்கலாம். வாயையும் திறந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கருத்தப்பாண்டி தன் துண்டை நாலாக மடித்து வலது தோளில் வைத்து, பாரம் சரியாக உட்காருமா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயிலுமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது. விழ வந்தவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"போனேன் பூசாரிண்ணே. ஆனா நானாப் போகல. காத்து கொண்டு போச்சு."

கூட்டத்தில் சிரிப்பு.

"சிரிக்காதீக. காத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? இருபது வருசமா அதைப் பிடிச்சு டியூப்புல அடைக்கிறவன் நானு. அதுக்கு என் மேல வர்மம். நேத்து மேக்க இருந்து வந்துச்சு பாருங்க, வந்ததும் யாரையும் தேடல. நேரா என் கடைக்கு வந்து, தட்டியைப் பிடுங்கி எறிஞ்சு, பம்பை ரெண்டா ஒடிச்சுப் போட்டுச்சு. அடுத்து நாமதான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. கோயில் பக்கம் ஓடியாந்தேன். வந்து பாத்தா நம்ம பந்தல் ஆடுது. ஒரு பய இல்ல. எல்லாப் பயலும் கட்டிலுக்கு அடியில. அம்மன் பந்தலாச்சேன்னு நான் ஒத்தையாக் கயித்தைப் பிடிச்சேன். கால் மணி நேரம் பிடிச்சேன். அங்கிட்டுக் காத்து, இங்கிட்டு நானு. கடைசியில கயிறு அறல, என் கையும் விடல. பூமிதான் விட்டுருச்சு. பந்தல் மொத்தமும் அப்படியே எந்திரிச்சுப் போச்சு, நான் தொங்கிக்கிட்டே போறேன்."

"மொத்தமும் போச்சா? என் கொல்லையிலயே பதினோரு தகரம் கெடக்கே," என்றான் கருத்தப்பாண்டி.

"கெடக்கும்ல! மேல இருந்து ஒவ்வொண்ணாக் கழட்டிப் போட்டது யாரு? ஊருச் சொத்து ஊருக்குள்ளயே கெடக்கட்டும்னு, ஊரைத் தாண்டுறதுக்குள்ள நூத்து இருபது தகரத்தையும் கழட்டிட்டேன். பாரம் குறைஞ்சா நானும் இறங்கிருவேன்னு ஒரு நெனப்பு."

"பாரம் குறைஞ்சா மேலதானய்யா போவே?"

"அது எனக்குப் போன பெறகுதான தெரிஞ்சுச்சு!"

இரண்டு பேர் தலையை ஆட்டிவிட்டார்கள். வெயிலுமுத்து அதைக் கவனித்தான். கேட்கிற முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தால் போதும், அவனுக்கு நாக்கில் சக்கரம் கட்டினது போல ஆகிவிடும். பயம் விட்டுப்போயிற்று. எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தான்.

"மேல போயிக் கீழ பாக்குறேன். நம்ம பெரிய கெணத்துத் தண்ணி பூராம் கெணறு மாதிரியே வட்டமா எந்திரிச்சு நிக்குது. உள்ள ஒரு தவளை. அது பாட்டுக்குச் சுத்திச் சுத்தி நீந்துது, வெளிய வந்ததே அதுக்குத் தெரியல. கோயில் மைக்செட்டுக் குழாயில பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல? காத்து பாட்டை மட்டும் உருவிக்கிட்டுப் போயிருச்சு. இங்க குழாய் வாயைத் தெறந்துக்கிட்டுச் சும்மா நிக்குது, பாட்டு பக்கத்து ஊருல போயிப் பாடுது. அந்த ஊருக்காரன் கன்னத்துல போட்டுக்கிறான். அப்பப் பக்கத்துல ஏதோ மூச்சு விடுற சத்தம். திரும்பிப் பாத்தா மூக்கம்மா வீட்டு எருமை. அம்புட்டு உசரத்துல அசை போட்டுக்கிட்டே வருது."

மூக்கம்மா எழுந்துவிட்டாள். "ஏ, வாயி புழுத்துரும்டா. என் எருமை தொழுவத்துலதான் நின்னுச்சு. சாயங்காலம் நான்தான் பால் பீச்சினேன்."

"பால் எப்படி இருந்துச்சு மதினி?"

மூக்கம்மா யோசித்தாள். "கொஞ்சம் நுரை சாஸ்தியா இருந்துச்சு."

"அம்புட்டு உசரம் போயிட்டு வந்தா நுரைக்காம என்ன செய்யும்?"

மூக்கம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பக்கத்திலிருந்தவளிடம், எருமை நேற்றிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது என்று சொன்னாள்.

கருத்தப்பாண்டி விடுவதாக இல்லை. "எல்லாம் சரி மாப்ள. ஊரே தெப்பமா நனைஞ்சு கெடந்துச்சு. நீ மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இறங்குனியே, அது எப்படி?"

"மழை எங்கிட்டு இருந்து எங்கிட்டுப் பெய்யும்?"

"மேல இருந்து கீழ."

"நான் மேகத்துக்கும் மேல போயிட்டேன்ல? மழைக்கு மேல நின்னவன் எப்படிய்யா நனைவான்? அங்க சுள்ளுனு வெயிலு. இடி எனக்குக் கீழ இடிக்குது, மின்னல் உள்ளங்காலைச் சுடுது. ஆலங்கட்டியெல்லாம் அங்க ஒவ்வொண்ணும் ஆட்டுக்கல்லுத் தண்டி. நம்ம ஊருக்குப் பாத்து விழட்டும்னு நான்தான் ஒண்ணோட ஒண்ணை மோத விட்டு ஒடைச்சு ஒடைச்சுப் போட்டேன். உங்க மண்டைக்கு நெல்லிக்காய் அளவுல வந்துச்சுன்னா அது யாரு புண்ணியம்? அதுக்கு ஒரு நன்றி உண்டா?"

யாரும் நன்றி சொல்லவில்லை. ஆனால் இரண்டு மூன்று பேர் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

பூசாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மெதுவாகப் பேசுகிறவர். "எல்லாஞ் சரிப்பா. பஸ்ஸை விட்டு இறங்குறப்ப உன் மேல மிளகு வாடை அடிச்சதா சொல்றாங்க. வாயில பல்லுக்குச்சி இருந்ததாவும் சொல்றாங்க."

கூட்டத்துக்கு ஓரமாகச் சீனியம்மா உட்கார்ந்திருந்தாள். வெயிலுமுத்து அவளைப் பார்த்தான். அவள் மடியில் கட்டுப்போட்ட கைகள் இரண்டும் மல்லாந்து கிடந்தன. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பாதி ஆற்றில் இறங்கியவன் திரும்பினாலும் நனையத்தான் வேண்டும். அக்கரைக்கே நீந்தினான்.

"அந்தக் கொடுமையை ஏன் கேக்குறீக. புதுச்சந்தைக்கு மேல போறப்ப கீழ ஒரு மெஸ்ஸு. அடுப்புல சுக்கா வதங்குது. காத்து அந்தச் சட்டியையும் விடல. கறித்துண்டு பூராம் என்னைச் சுத்திப் பறக்குது. நான் கயிறு கட்டினவன்ல? வாயை இறுக்கி மூடிக்கிட்டேன்."

"மூடின வாய்க்கு எதுக்குப் பல்லுக்குச்சி?" இது கருத்தப்பாண்டி.

"பல்லுச் சந்துல சொருகிருச்சு மச்சான்! காத்தோட வேகம் அப்படி. மூடின உதட்டைத் தாண்டி ஒரே ஒரு நாரு வந்து உக்காந்துருச்சு. ஐயோ, ஆத்தாளுக்கு ஆகாதேன்னு பதறிப்போயி, பறந்து வந்த வேப்பங்குச்சி ஒண்ணைப் பிடிச்சு, வழி பூராம் குத்திக்கிட்டே வந்தேன். நீங்க பாத்தது தின்னவன் குச்சி இல்ல. விரதம் காத்தவன் குச்சி!"

கூட்டம் 'ஓ' என்று கத்தியது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா என்று பூசாரி முணுமுணுத்தார். ஆனால் அவர் மீசையும் துடித்தது.

"பஸ்ஸுல எப்படி வந்தே?"

"நான் எங்க பஸ்ஸுல ஏறினேன்? காத்து என்னைக் கைவிட்ட எடத்துக்கு நேர் கீழ பஸ்ஸு வந்துக்கிட்டு இருந்துச்சு. கூரையில விழுந்தேன். கண்டக்டர் எட்டிப் பாத்து, எங்க ஏறுனேன்னு கேட்டான். மேகத்துலன்னேன். அந்த ஸ்டாப்புக்கு டிக்கெட் இல்லைன்னு உள்ள வந்து உக்காரச் சொல்லிட்டான்."

பூசாரி கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. "வெயிலு, பறந்தே போனேன்னு வச்சுக்குவோம். அப்பவும் எல்லையைத் தாண்டினது தாண்டினதுதான். தரையில தாண்டினா என்ன, ஆகாசத்துல தாண்டினா என்ன? காப்பை அவிழ்க்க வேண்டியதுதான்."

கருத்தப்பாண்டி துண்டை மறுபடியும் தோளில் சரிசெய்தான்.

அதை மட்டும் அவன் செய்யாமல் இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். செய்தது மட்டுமில்லை, வாயையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "காப்பை இவன்கிட்ட இருந்து அவிழ்க்கிறது இருக்கட்டும்ணே. எல்லைக்கல்லையே நேத்துல இருந்து காணோம். புளியமரத்துத் தூருக்குப் பக்கத்துலதான நின்னுச்சு? வேரு பெயர்ந்த குழிதான் இருக்கு. மரத்துக்கு அடியில கெடக்கோ என்னமோ," என்றான்.

வெயிலுமுத்துவின் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிந்தது.

"மரத்துக்கு அடியில எப்படிக் கெடக்கும்? அது என் கூடல்ல வந்துச்சு!"

"எது?"

"கல்லு! காத்து மொதல்ல பிடுங்கினதே அதைத்தான். அப்புறந்தான் என்னை. நான் பறக்குறேன், எனக்கு அம்பதடி முன்னால நம்ம எல்லைக்கல்லு, போன பொங்கலுக்கு வச்ச சந்தனம் கூட அழியாமப் பறக்குது. நான் வேகமாப் போனா அதுவும் வேகமாப் போகுது. இப்பச் சொல்லுங்க பூசாரிண்ணே. நான் எங்க எல்லையைத் தாண்டினேன்? எல்லை எனக்கு முன்னாலல்ல போச்சு! கடைசி வரைக்கும் ஒரு சாண் தாண்டியிருப்பேனா? புதுச்சந்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கல்லு போயிச் சொத்துனு குத்தி நின்னுச்சு. அந்தக் கல்லுக்கு இங்கிட்டு, நம்ம எல்லைக்குள்ள, நான் இறங்கினேன். அம்மன் மேல சத்தியம் வேணும்னா..." சத்தியத்தை மட்டும் அவன் முடிக்கவில்லை. அந்த அளவு பயம் இருந்தது.

பொய் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கே பிடித்து மடக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. கருத்தப்பாண்டியின் துண்டு தோளிலிருந்து சரிந்தது. பதினொரு வருஷத்தில் முன்கொம்பில் நின்றபோது கூட இவ்வளவு உயரமாக வெயிலுமுத்து தன்னை உணர்ந்ததில்லை.

அப்போது சீனியம்மா எழுந்தாள். நேற்றுக் கட்டின தொண்டை இன்னும் திறக்கவில்லை. கரகரத்த குரலில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு சொல்றது அம்புட்டும் நெசம். யாரு நம்பாட்டியும் நான் நம்புறேன்."

வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கைகளை வைத்துக்கொண்டு எனக்காகப் பேசுகிறாளே, நான் மனுஷனா என்று நிஜமாகவே நினைத்தான்.

"கல்லு புதுச்சந்தையிலதான நிக்குது?" என்று அவனைக் கேட்டாள்.

"ஆமா சீனி. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க."

"சாஞ்சு கெடக்கா, நட்டமா நிக்குதா?"

"நட்டுவச்ச மாதிரி நிக்குது. நாலு ஆளு சேர்ந்து ஆட்டினாலும் ஆடாது!"

"அப்ப இன்னைக்கு நம்ம ஊரு எல்லை அங்கதான?"

"அங்கதான்!" என்று தொடையைத் தட்டினான்.

சீனியம்மா பூசாரி பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீகளா? நாளைக்கு வெள்ளன ஆத்தா எல்லைக்கல்லைச் சுத்திட்டுத்தான திரும்பணும். போகப் பதினெட்டு, வரப் பதினெட்டு. மத்த கொம்புக்கு ஆளு மாத்திக்கலாம், ஊரே இருக்கு, டிராக்டரு வச்சுப் பின்னாலயே வருவோம். முன்கொம்பு மாத்தக் கூடாது. அது அவரோடது. அதை யாரும் பிடுங்க வேணாம்."

பூசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாயமான பேச்சு தாயி," என்றார். கூட்டம் முழுக்க நியாயம் நியாயம் என்றது. கருத்தப்பாண்டி எழுந்து வந்து, நாலாக மடித்த தன் துண்டை வெயிலுமுத்துவின் வலது தோளில் பக்குவமாக வைத்து, தட்டியும் கொடுத்தான். "வேணும் மாப்ள. தூரம் ஜாஸ்தி," என்றான்.

வெயிலுமுத்து பேசப் பார்த்தான். காற்று திரும்பி வந்தபோது கல்லும் கூடவே திரும்பியதாக ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கல் திரும்பியிருந்தால் அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றவனாகிவிடுவான். அப்படியே விழுங்கினான். கூட்டம் கலையத் தொடங்கியதும் அவள் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டான்.

"ஏ சீனி, முப்பத்தாறு கிலோமீட்டரு. சப்பரத்தைத் தூக்கிக்கிட்டு மனுசன் நடக்க முடியுமா?"

சீனியம்மா கைக்கட்டை இறுக்கிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"முடியாட்டி என்ன, காத்து வந்தாப் பறந்துக்கங்க."